யூசிஎஸ்சி ஜீனோம் பிரவுசர்: பாலூட்டிகளை ஒப்பிட நம்பகமான இடம்

உயிரினங்களின் ஜீனோமை, அதாவது முழு டிஎன்ஏ வரிசையை, இணையத்தில் பார்க்க கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகம் (யூசிஎஸ்சி) 2000-இல் தொடங்கிய சேவை. காசும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். மனித ஜீனோமின் எச்ஜி38 பதிப்பைத் திறந்து, சூனோமியா என்ற பாலூட்டி ஒப்பீட்டுத் திட்டத்தின் தடத்தை (திரையில் ஒரு தரவு வரிசை) இயக்கினால், 241 பாலூட்டி ஜீனோம்கள் வரிசையாக நிற்கும். கூடவே, ஒவ்வொரு டிஎன்ஏ எழுத்தும் எவ்வளவு மாறாமல் இருக்கிறது என்று காட்டும் ஃபைலோபி மதிப்பும் வரும். அது நேர்குறியில் உயர்ந்தால், பரிணாமம் அந்த எழுத்தைப் பொத்திக் காத்திருக்கிறது. எதிர்க்குறியில் இறங்கினால் வேகமாக மாறிய இடம். இந்த ஒரு தடத்துக்காகவே இதைப் பரிந்துரைக்கலாம்.

பலர் சறுக்குவது எண்ணிக்கையில்தான். திரையில் இட எண் 1-இல் தொடங்கும். பகுதிகளின் தொடக்கத்தையும் முடிவையும் பட்டியலிடும் பெட் கோப்பில் 0-இல். ஏழாம் குரோமோசோமின் 100-ஆவது எழுத்து மட்டும் வேண்டுமானால் கோப்பில் தொடக்கம் 99, முடிவு 100 என்றே எழுத வேண்டும். 100, 101 என்றால் பக்கத்து எழுத்து வந்துவிடும். பிழைச் செய்தியும் வராது, அதுதான் ஆபத்து.

ஒரு ஜீனோமின் இட எண்களை இன்னொன்றின் எண்களாக மாற்றும் லிஃப்ட்ஓவர் கருவியும் அருமை. மனிதனின் பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு மாற்ற, குறைந்தபட்சப் பொருத்தம் 0.95 சரி. மனிதனிலிருந்து சுண்டெலிக்கு என்றால் 0.1-க்கு இறக்குங்கள், இல்லாவிட்டால் பெரும்பாலான பகுதிகள் மாறாமல் கழன்றுவிடும். மாறாதவற்றின் பட்டியலை அவசியம் படியுங்கள். என்சம்பிள் என்ற இன்னொரு ஜீனோம் தளத்தின் கோப்புகளில் குரோமோசோம் பெயருக்கு முன் ‘சிஎச்ஆர்’ (chr) இருக்காது. சேர்த்த பிறகே ஏற்றுங்கள்.