எஸ்எஸ்டி போகவில்லை, செட்டிங்தான் மாறியிருந்தது

அலுவலக நண்பன் நேற்றுக் கேட்டான்: "உன் லேப்டாப் மாடல் இப்ப செகண்ட் ஹேண்டில் சல்லிசா கிடைக்குதுடா, வாங்கி லினக்ஸ் போடலாமா?" போன மாதம் கேட்டிருந்தால் யோசிக்காமல் சரி என்றிருப்பேன்.

ஐந்து வருடமாக இதில் டெபியன் லினக்ஸ்தான். கீபோர்டில் ஒரு எழுத்துகூட அழியவில்லை, மூடியின் கீல் ஆடவில்லை. வைஃபை முதல் நாளே வேலை செய்தது. நம்பகமான சிஸ்டத்தை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் பாதுகாப்பை அணைக்கும் வேலையும் இல்லை. டெபியன் 10 முதலே அதற்கு ஆதரவு உண்டு. குறை ஒன்றே ஒன்று, பயாஸ், அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்.

போன வாரம் பேட்டரி உப்பிவிட்டது. சர்வீஸில் மாற்றிக் கொடுத்தார்கள். அங்கேயே ஆன் செய்தேன். எந்த சிஸ்டத்தைத் திறப்பது என்று கேட்கும் க்ரப் மெனு வந்தது. டெபியனைத் தேர்ந்தெடுத்தால் கொஞ்ச நேரம் கருப்புத் திரை, அப்புறம் லினக்ஸ் பாதியில் நின்றால் வரும் இனிட்ராம்எஃப்எஸ் என்று ஒரு ப்ராம்ப்ட், பக்கத்தில் கண்சிமிட்டும் கர்சர். கவுண்டரில் இருந்த பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "எஸ்எஸ்டி போயிருச்சு சார், புதுசு போட்டுரலாம்" என்றான்.

எஸ்எஸ்டி என்றால் எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் டிஸ்க். க்ரப்பே அதிலிருந்துதானே வந்தது! அதே ப்ராம்ப்டில், லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் எழுதும் குறிப்புகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையை அடித்துப் பார்த்தேன். ரீமேப் ஆன, அதாவது வேறு வழியில் திருப்பிவிடப்பட்ட என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று இருக்கிறது, பயாஸில் டிஸ்க் மோடை ரெய்டிலிருந்து ஏஎச்சிஐக்கு மாற்று என்று கர்னல் தெளிவாக எழுதியே வைத்திருந்தது. பேட்டரியைக் கழற்றியதில் பயாஸ் பழைய ஃபேக்டரி செட்டிங்கான ரெய்டுக்கே போய்விட்டது. ரெய்டு மோடில் இன்டெல் கன்ட்ரோலர் எஸ்எஸ்டியைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்ளும். க்ரப் பயாஸ் வழியாகப் படிப்பதால் அதற்குத் தெரியும். நேராகத் தேடும் கர்னலுக்குத் தெரியாது.

சரி, மாற்றலாம் என்று எஃப்2 அழுத்தி உள்ளே போனால் அந்த ஆப்ஷனே இல்லை. மெயின் பக்கத்தில் கண்ட்ரோல்-எஸ் அழுத்தினால்தான் தலைகாட்டும். அதை மறக்கக் கூடாதென்று சீட்டில் எழுதி லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருந்தேன். சர்வீஸில் அதையும் பிய்த்துப் போட்டிருந்தார்கள். பையனைத் திட்ட மனசு வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத மெனுவை அவன் எங்கே போய்த் தேடுவான்? ஒளித்து வைத்த புண்ணியவான் கையில் கிடைத்தால் பேசிக்கொள்கிறேன்.

விண்டோஸும் கூடவே வேண்டும் என்கிறவர்கள், அடுத்த தடவை சேஃப் மோடில் திறக்கும்படி விண்டோஸில் வைத்துவிட்டு அப்புறம் ஏஎச்சிஐக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் நீலத் திரைதான்.

நண்பனிடம் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். "அப்ப உன்னோடதையாவது குடு" என்றான். அதற்கும் முடியாது என்று சொல்லிவிட்டேன்.