பழைய வன்தட்டைப் புதிய கணினிக்கு மாற்ற எம்பிஆர்2ஜிபிடி: ஒரு மதிப்பீடு

மதர்போர்டையும் பிராசஸரையும் மாற்றிய பிறகு, பல ஆண்டுகள் உழைத்த வன்தட்டை அப்படியே புதிய கணினியில் பொருத்த நினைப்பவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, "ஃபார்மட் செய்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுங்கள்" என்பதுதான். நிறுவிய மென்பொருள்கள், அவற்றின் உரிமங்கள், எழுத்துருக்கள், ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் செய்துவைத்த அமைப்புகள் அனைத்தையும் கைவிடச் சொல்லும் அந்த அறிவுரை பெரும்பாலும் தேவையற்றது என்பதே என் கருத்து. விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பில், அதாவது 2017-இல் சேர்க்கப்பட்டு, சிஸ்டம்32 கோப்புறைக்குள் இன்றும் பலர் கண்ணில் படாமல் கிடக்கும், தட்டை அழிக்காமலேயே புதிய கணினியில் தொடங்கும் வகைக்கு மாற்றித் தரும் எம்பிஆர்2ஜிபிடி என்ற இலவசக் கருவியே இதற்குக் காரணம்.

பழைய வன்தட்டுகள் பலவற்றில் பார்ட்டிஷன் (தட்டின் பிரிவு) விவரங்கள் எம்பிஆர் என்ற பழைய முறையில் எழுதப்பட்டிருக்கும். புதிய மதர்போர்டுகளோ கணினியைத் தொடங்கிவைக்கும் யுஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் இயங்குகின்றன. பழைய பயாஸ் முறைக்கு இடம்கொடுக்கும் சிஎஸ்எம் வசதி அவற்றில் பலவற்றில் நீக்கப்பட்டுவிட்டது. யுஇஎஃப்ஐ முறையில் விண்டோஸ் தொடங்க வேண்டுமானால் அது இருக்கும் தட்டு ஜிபிடி என்ற புதிய பார்ட்டிஷன் முறையில் இருந்தாக வேண்டும். இதனால்தான் புதிய கணினியின் அமைப்புத் திரையில் வன்தட்டின் பெயரும் கொள்ளளவும் சரியாகத் தெரிந்தும், பூட் வரிசையில் (கணினியைத் தொடங்கும் சாதனங்களின் பட்டியலில்) மட்டும் அது இடம்பெறாமல் போகிறது. தட்டு பழுதாகிவிட்டது என்று பலர் முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான்.

எம்பிஆர்2ஜிபிடி செய்வது சிறிய வேலைதான், ஆனால் நுட்பமான வேலை. தேவைப்பட்டால் விண்டோஸ் இருக்கும் பார்ட்டிஷனைச் சற்றே சுருக்கி, யுஇஎஃப்ஐ தொடக்கத்துக்குத் தேவையான, பொதுவாக 100 எம்பி அளவுள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கி, பூட் கோப்புகளை அதில் வைத்து, தட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் ஜிபிடி அட்டவணைகளை எழுதிவிடுகிறது. நம் கோப்புகளும் டிரைவ் எழுத்துகளும் மாறுவதில்லை.

எதையும் மாற்றுவதற்கு முன் சோதித்துப் பார்க்கும் 'வேலிடேட்' கட்டளையையே இக்கருவியின் மிகச் சிறந்த அம்சமாகக் கருதுகிறேன். முதன்மைப் பார்ட்டிஷன்கள் மூன்றுக்கு மேல் இருந்தாலோ, தனக்குள் வேறு பிரிவுகளைக் கொள்ளும் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் இருந்தாலோ, பூட் பதிவில் விண்டோஸ் இருக்கும் இடம் சரியாகக் குறிக்கப்படாமல் இருந்தாலோ, தட்டில் ஒரு பைட்டைக்கூடத் தொடாமல் மறுத்துவிடும். நம் தரவைக் கையாளும் மென்பொருளிடம் நான் எதிர்பார்ப்பது இந்த எச்சரிக்கை உணர்வைத்தான். ஆனால் மறுப்பதற்கான காரணத்தைத் திரையில் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவது பெருங்குறை. விளக்கம் வேண்டுமானால் விண்டோஸ் கோப்புறையில் உள்ள செட்டப்ஆக்ட் என்ற லாக் கோப்பைத் திறந்து படிக்க வேண்டியிருக்கிறது. கணினியோடு மீட்புப் பார்ட்டிஷன், கருவிகள் பார்ட்டிஷன் என நிறுவனமே சேர்த்துக் கொடுத்த தட்டுகளில் எண்ணிக்கை நான்காகிவிடுவதால் இந்த மறுப்பு அடிக்கடி வரும். தேவையற்ற ஒன்றின் உள்ளடக்கத்தை வேறிடத்தில் சேமித்துவிட்டு, அதை நீக்கிய பிறகு மீண்டும் சோதிக்கலாம்.

மாற்றியதைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வசதி இதில் இல்லை. ஆகவே முழு நகல் ஒன்று வேறொரு தட்டில் இருந்தே தீர வேண்டும். தட்டின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட் அறிக்கையில், பழுதானதால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களின் (தரவு எழுதும் சிறு பகுதிகளின்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும் தட்டாக இருந்தால், இந்தக் கருவியைத் தொடவே வேண்டாம். தரவை எடுத்துக்கொண்டு அந்தத் தட்டுக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

பழைய கணினியில் விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டளையோடு 'அலோஃபுல்ஓஎஸ்' என்ற சொல்லைச் சேர்த்து மாற்றத்தைச் செய்துவிடலாம். வேலை முடிந்ததும் யுஇஎஃப்ஐ முறைக்கு மாற்றினால்தான் கணினி தொடங்கும் என்று கருவியே கடைசி வரியில் எச்சரிக்கிறது. பழைய கணினியில் யுஇஎஃப்ஐ இல்லை என்றால், தட்டைப் புதிய கணினியில் பொருத்தி, விண்டோஸ் நிறுவல் பென்டிரைவிலிருந்து தொடங்கி, ஷிஃப்ட்டும் எஃப்10-உம் அழுத்தினால் வரும் கட்டளைத் திரையில் செய்வதே நல்லது. புதிய கணினியில் வேறு தட்டுகளும் இருந்தால் வரிசை எண்கள் மாறியிருக்கக்கூடும். டிஸ்க்பார்ட் என்ற விண்டோஸ் கருவியில் தட்டுகளின் பட்டியலைப் பார்த்து, கொள்ளளவை ஒப்பிட்டு உறுதிசெய்த பிறகே எண்ணைத் தட்டச்சு செய்ய வேண்டும்.

இதன் எல்லை எதுவரை என்பதையும் அறிந்திருக்க வேண்டும். வன்பொருளை இயக்கும் டிரைவர் மென்பொருள்களைப் பற்றி இது கவலைப்படுவதில்லை. பழைய கணினியில் ஏஹெச்சிஐ என்ற வழக்கமான இணைப்பு முறையில் இருந்த தட்டை, இன்டெல் விஎம்டி என்ற வேறொரு இணைப்பு முறை இயங்கும் கணினியில் பொருத்தினால், அதற்கான டிரைவர் இல்லாத விண்டோஸ், பூட் சாதனத்தை அணுக முடியவில்லை என்ற நீலத்திரையோடு நின்றுவிடும். அமைப்புத் திரையில் விஎம்டியை நிறுத்திவிட்டால் பெரும்பாலும் எழுந்துவிடும். மற்ற டிரைவர்களை விண்டோஸ் 10-உம் 11-உம் முதல் தொடக்கத்தின்போது தாமாகவே தேடிச் சேர்த்துக்கொள்கின்றன. விண்டோஸ் 7 இருக்கும் தட்டுகளுக்கு இக்கருவியின் அதிகாரபூர்வ ஆதரவு கிடையாது.

தட்டைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் பூட்டு உள்ளவர்கள் மாற்றத்துக்கு முன் அதை இடைநிறுத்த வேண்டும். சாவி பழைய கணினியின் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லோடு பிணைந்திருப்பதால், 48 இலக்க மீட்புக் குறியீட்டையும் தட்டைக் கழற்றுவதற்கு முன்பே தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

விண்டோஸ் உரிமமும் கருவியின் பொறுப்புக்கு வெளியே உள்ளது. தனியாக வாங்கிய ரீடெய்ல் உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முன்கூட்டியே இணைத்துவைத்தால், ஆக்டிவேஷன் பகுதியில் வன்பொருளை மாற்றியதாகத் தெரிவித்துப் புதிய கணினியில் மீண்டும் பெறலாம். கணினியோடு வந்த ஓஇஎம் உரிமம் பழைய மதர்போர்டுக்கே உரியது. அத்தகையவர்கள் புதிய உரிமத்தின் விலையையும் சேர்த்தே இந்த மாற்றத்தைத் திட்டமிட வேண்டும்.