கம்பி இல்லாத கியர் பொக்ஸ்: விட்ஸ் காருடன் சில ஆண்டுகள்

சாவகச்சேரியில் இருக்கும் என் மைத்துனர் ரொயோட்டாவின் 130 மாதிரி விட்ஸ் கார் ஒன்றை வாங்கலாமா என்று கேட்டிருந்தார். எரிபொருள் செலவு, ஏசி, உதிரிப்பாக விலை என்று நான் வரிசையாக எழுதி அனுப்புவேன் என எதிர்பார்த்திருப்பார். ஆயிரம் சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின் எதைத் தரும், எதைத் தராது என்பது யாழ்ப்பாணத்தில் ஒழுங்கைக்கு ஒன்றாக நிற்கும் இந்தக் காரைப் பொறுத்தவரை எவருக்கும் புதிய செய்தியல்ல. ஆகவே அவற்றை விட்டுவிட்டு, இந்தக் காரில் இல்லாத ஒரு பொருளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கியர் பொக்ஸின் ஒயில் மட்டத்தைப் பார்க்கும் கம்பி, அதாவது டிப்ஸ்ரிக், இதில் இல்லை. எனது பல மாத எரிச்சலுக்கு அந்த ஒன்றே போதுமாக இருந்தது.

இதற்கு முன் எங்கள் வீட்டில் நின்றது ஒரு 121 கொரொல்லா. அதன் ஓட்டோ கியர் பொக்ஸுக்கு, எஞ்சினுக்கு இருப்பதுபோலவே, தனியாக ஒரு கம்பி உண்டு. காரைச் சிறிது தூரம் ஓடிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே லீவரை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை கொண்டுபோய்த் திரும்ப 'பி'யில் விட்டு, கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டெடுத்தால், சூட்டில் எதுவரை, குளிரில் எதுவரை என்று இரண்டு அடையாளங்களும் கண்ணுக்கு முன்னால் இருக்கும். மட்டம் மட்டுமல்ல, ஒயிலின் நிறமும் தெரியும், மணமும் தெரியும். கருகிய மணம் வந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று ஊகிக்க மெக்கானிக் தேவையில்லை. ஒரு பழந்துணியும் ஐந்து நிமிடமும் போதும்.

விட்ஸில் அதே காரியத்துக்குக் காரின் அடியில் போக வேண்டும். கியர் பொக்ஸின் அடித்தட்டில் ஒரு மூடி இருக்கிறது. அதை ஆறு மில்லிமீற்றர் அலன் கீயால் கழற்றினால், உள்ளே நிமிர்ந்து நிற்கும் ஒரு சிறிய குழாய் தெரியும். ஒயில் அந்தக் குழாயின் உச்சிக்கு மேலே நின்றால் குழாய் வழியாகக் கீழே வழியும். வழிவது நின்று சொட்டாக மாறும்போது மட்டம் சரி என்று கொள்ள வேண்டும். எதுவுமே வழியாவிட்டால் மேலே இருக்கும் வேறொரு மூடியைத் திறந்து, வழியும்வரை ஊற்ற வேண்டும். கூரைமேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் நீர் எவ்வளவு நிற்கிறது என்று அறிய அடியில் உள்ள மூடியைக் கழற்றிப் பார் என்று சொல்வதற்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

அதுகூடப் பரவாயில்லை என்று விடலாம். விடமுடியாதது வெப்பநிலை நிபந்தனை. ஒயில் சூடாகும்போது விரிகிறது. ஏழு லீற்றர் ஒயில் என்று வைத்துக்கொண்டால், 40 பாகை கூடுதலாகச் சூடேறும்போது ஏறத்தாழ 200 மில்லிலீற்றர் அளவுக்கு அது பெருகும். ஆகவே எந்த வெப்பநிலையில் மூடியைத் திறக்கிறோம் என்பதிலேயே மட்டம் சரியா பிழையா என்பது தங்கியிருக்கிறது. ரொயோட்டாவின் இவ்வகைக் கியர் பொக்ஸ்கள் பலவற்றுக்கு அது ஏறக்குறைய 35 முதல் 45 பாகை செல்சியஸ் வரை. அதற்கு மேல் சூடாக இருக்கும்போது திறந்தால், விரிந்து நிற்கும் நல்ல ஒயிலும் வழிந்துபோய், ஆறியபின் உள்ளே குறைவாக நிற்கும். அதற்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது அளந்தால் கூடுதலாக நிற்கும். எஞ்சினை நிறுத்திவிட்டுத் திறந்தாலோ, மேலே சுற்றிக்கொண்டிருந்த ஒயிலும் அடித்தட்டுக்கு இறங்கிவிடுவதால் மட்டம் என்று எதையும் சொல்லவே முடியாது.

ஜப்பானில் பனிக்காலத்தில் ஒரு கராஜுக்குள் நிற்கும் காருக்கு இந்தப் பத்துப் பாகை இடைவெளி தாராளமானது. யாழ்ப்பாணத்தில் சித்திரை, வைகாசி மாதத்து நண்பகலில் நிழலிலேயே 33 பாகை நிற்கிறது. தகரக் கூரையின் கீழ் அதைவிடக் கூட. காரைக் கராஜுக்கு ஓட்டிக்கொண்டு போகும்போதே கியர் பொக்ஸ் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. அது திரும்பவும் 45 பாகைக்குக் கீழே இறங்க வேண்டுமானால் மணிக்கணக்கில் காரை நிறுத்திவைக்க வேண்டும். வாசலில் வரிசையாக வாகனங்கள் காத்து நிற்கும் எந்தக் கராஜ்காரர் அவ்வளவு நேரம் குழியை விட்டுத் தருவார்?

நான் முதலில் கொடுத்த இடத்தில் விட்டுத் தரவில்லை. ஒயில் மாற்றக் கேட்டபோது அங்கிருந்த பெடியன், "அண்ணை, இது சீல் பண்ணின பொக்ஸ், இதுக்கு ஒயில் மாத்தத் தேவையில்லை" என்றார். வற்புறுத்திய பிறகு, மத்தியான வெயிலில் ஓடி வந்த காரின் முன்பக்கத்தை மட்டும் ஜக்கில் தூக்கி, பழைய ஒயிலை இறக்கிப் புதியதை ஊற்றி, கியர் பொக்ஸ் கொதித்துக்கொண்டிருக்கும்போதே வழிவதைப் பார்த்து மூடினார்கள். கார் சமமாக நிற்க வேண்டும் என்பதும், வெப்பநிலையை, காரின் கணினியை வாசிக்கும் ஸ்கானரில் பார்க்க வேண்டும் என்பதும் அங்கே பேச்சுக்கே வரவில்லை. அடுத்த வாரத்திலிருந்து காலையில் வளவுக்குள்ளிருந்து ரிவேர்சில் ஒழுங்கைக்கு எடுத்து 'டி'யில் போட்டால், கார் ஒரு கணம் யோசித்துவிட்டுத் திடீரென இழுத்தது. வேகம் எடுக்கும்போது முன்பு இல்லாத ஒரு மெல்லிய ஊளைச் சத்தமும் சேர்ந்துகொண்டது.

இன்னொரு கராஜில் காட்டியபோது நடந்ததுதான் இந்த அமைப்பின் உண்மையான கெடுதலை எனக்குக் காட்டியது. அவர்கள் கவனமானவர்கள், வேலையும் துப்புரவு. இறக்கிய ஒயிலை அளவுச் சாடிகளில் பிடித்து, எவ்வளவு வந்ததோ அவ்வளவையே திரும்ப ஊற்றினார்கள். இங்கே பெரும்பாலானோர் செய்வதும் இதுதான். ஒழுக்கு இல்லாத, தொழிற்சாலை நிரப்பிய அளவு அப்படியே இருக்கும் கியர் பொக்ஸுக்கு அது நியாயமான வழியும்கூட. ஆனால் முன்னவர் குறைவாக விட்டிருந்தால் குறைவாகவே இறங்கும், குறைவாகவே ஏறும். கம்பி இருந்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கக்கூடிய பிழை, இரண்டாவது கராஜின் பில்லில் சரியான அளவாகப் பதிவாகி, என்னோடு வீட்டுக்கு வந்தது.

கடைசியில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கத்தில் தனியாக வேலை செய்யும் ஒரு தம்பி, காரை முதல்நாள் மாலையே விட்டுவிட்டுப் போகச் சொன்னார். தை மாதம், விடியற்காலையில் நல்ல குளிர். நான்கு சில்லும் ஒரே உயரத்தில் நிற்கும்படி தூக்கி, ஸ்கானரைச் செருகி, எஞ்சினை ஓடவிட்டு, லீவரை ஒவ்வொரு நிலையிலும் சில செக்கன் நிறுத்தி நகர்த்தினார். எண் இருபதுகளிலிருந்து மெதுவாக ஏறியது. ஸ்கானர் இல்லாதவர்களுக்கும் ரொயோட்டா ஒரு வழி வைத்திருக்கிறது என்று சொல்லி அதையும் காட்டினார். ஸ்ரேறிங்கின் கீழுள்ள, ஸ்கானர் செருகும் சொக்கற்றில் நான்காம், பதின்மூன்றாம் துளைகளை ஒரு வயர்த் துண்டால் இணைத்து, லீவரை 'என்'னுக்கும் 'டி'க்கும் இடையில் சில செக்கன் மாற்றி மாற்றிப் போட்டால், மீற்றரிலுள்ள 'டி' விளக்கே வெப்பமானி ஆகிவிடுகிறது. ஒயில் குளிராக இருந்தால் அது அணைந்திருக்கும், உரிய எல்லைக்குள் வந்தால் எரியும், அதைத் தாண்டினால் மின்னும். பின்பு கீழே இறங்கி மூடியைக் கழற்றினார். ஒரு சொட்டுக்கூட வரவில்லை. மேலிருந்து பம்பால் சிறிது சிறிதாக ஊற்ற ஊற்ற, அரை லீற்றருக்குக் கிட்டப் போன பின்னர்தான் குழாய் வழியாக முதலில் ஒரு தாரை வந்து, அது நூலாக மெலிந்து, சொட்டாக மாறியது. அந்தச் சொட்டு நிலையில் புது வொஷர் போட்டு மூடினார். வொஷர் நசுங்கினால்தான் அடைக்கும், ஒருமுறை நசுங்கியது மறுபடி அடைக்காது என்பதால் இதற்கென்றே ஒன்றை முதலே எடுப்பித்து வைத்திருந்தார்.

அன்றிலிருந்து கார் ஓடும் விதத்தைப் பற்றி நான் குறை சொன்னால் அது அநியாயம். ஆஸ்பத்திரி வீதி நெரிசலில் அது நகர்வதும் நிற்பதும் தெரிவதில்லை; ஏ9 வீதியில் ஆனையிறவைத் தாண்டிப் போகும்போது எஞ்சின் முணுமுணுப்பதோடு சரி. விட்ஸின் கியர் பொக்ஸ் சி.வி.ரி. வகை; அதில் பற்சக்கரங்கள் மாறுவதற்குப் பதிலாக இரும்புப் பட்டி ஒன்று இரண்டு கப்பிகளுக்கிடையில் சுற்றுகிறது. அது வழுக்காமல் சுற்றுவதற்கு ஒயிலின் தன்மையும் அளவும் எவ்வளவு முக்கியம் என்பதை, சரியான ஒயிலைச் சரியான அளவில் விட்டபிறகுதான் காலால் உணர முடிந்தது.

ஒயிலைப் பற்றி ஒரு சொல். சி.வி.ரி.க்குச் சாதாரண ஓட்டோ கியர் ஒயிலான ஏ.ரி.எஃப் ஊற்றக்கூடாது. பட்டிக்கும் கப்பிக்கும் இடையில் பிடிப்பைக் கொடுக்க வேண்டிய ஒயில் அதுவல்ல. ஊற்றினால் பட்டி வழுக்கிக் கப்பியைச் சுரண்டும். ரொயோட்டாவிலேயே ரி.சி என்றும் எஃப்.ஈ என்றும் இரண்டு வகை இருப்பதால், உங்கள் காருக்கு எது என்பதை அதற்குரிய கையேட்டில் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு. எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று எழுதிய போத்தலை எடுத்துத் தரும் கடைக்காரரின் நம்பிக்கையை நான் மதிக்கிறேன், போத்தலை வாங்கவில்லை. ஒருமுறை இறக்கி ஊற்றினால் உள்ளிருப்பதில் ஒரு பகுதிதான் மாறும், மிச்சம் உள்ளேயே நிற்கும். அடித்தட்டைக் கழற்றினால் அதிலுள்ள காந்தங்களில் சாம்பல்நிறச் சேறு ஒட்டியிருப்பது வழமை. கையில் தட்டுப்படும் துகள்கள் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

மாற்றவே தேவையில்லை என்ற கதைக்கு வருகிறேன். பல ஐரோப்பிய கார்களுக்குக் கியர் பொக்ஸ் செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்.எஃப் நிறுவனமே, தன் ஓட்டோ கியர் பொக்ஸ்களுக்கு 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் அல்லது எட்டு ஆண்டுக்குள் ஒயில் மாற்றச் சொல்கிறது. அவற்றைப் பொருத்தும் கார் நிறுவனங்களில் சில, மாற்றவே வேண்டாம் என்கின்றன. காரை முதலில் வாங்குபவர் அந்தக் கிலோமீற்றரைக் காண்பதற்கு முன்பே விற்றுவிடுவார். அவருக்கு அந்த வாக்கு உண்மையாகவே முடியும். நாங்களோ ஜப்பானில் ஒருவர் ஓடி முடித்த காரை வாங்கி அதற்குமேல் ஓடுகிறவர்கள். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் இங்கே ஒரு காரை மாற்றுவது என்பது காணி வாங்குவதற்கு ஒப்பான முடிவாகிவிட்டிருந்தது. இந்நிலையில் கியர் பொக்ஸை மூடி ஒட்டியதுபோல் வைத்திருக்கலாம் என்பது எங்களுக்குப் பொருந்தாது.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கம்பி இல்லாவிட்டால் அதற்குரிய குழாயும் இல்லை. தூசியும் துணி நூலும் உள்ளே போக வழியில்லை. செம்பாட்டு மண் பறக்கும் எங்கள் ஊருக்கு அது சிறிய நன்மையன்று. கம்பி இருந்த காலத்தில் அந்தக் குழாய்க்குள் கிடைத்த ஒயிலை எல்லாம் ஊற்றியவர்களையும் நான் அறிவேன். மெர்சிடிஸின் 722.6 கியர் பொக்ஸில் இதற்கு நடுவழி ஒன்று இருந்தது. குழாய் இருக்கும், கம்பி இருக்காது, மூடியில் ஒரு பூட்டு. அளக்கும் கம்பி மெக்கானிக்கிடம் இருக்கும். வந்தவர் போனவர் எல்லாம் ஊற்ற முடியாது, அறிந்தவர் மேலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். அதைச் செய்ய ஒரு குழாயின் செலவுக்குமேல் ஆகாது.

இவ்வளவும் எழுதியபின் என் முடிவைக் கேட்டால், விட்ஸ் நல்ல கார், நான் விற்கப் போவதில்லை, ஆனால் மைத்துனர் வாங்க வேண்டாம். கம்பியுள்ள, பராமரித்த 121 ஒன்று கிடைத்தால், பெற்றோல் கூடக் குடித்தாலும் அதை எடுக்கட்டும் என்றுதான் சொன்னேன். அவர் அதற்கு முன்பே முற்பணம் கொடுத்துவிட்டாராம். அப்படியானால் மாசிப் பனி முடியுமுன், முதல்நாள் மாலையே காரைத் திருநெல்வேலியில் கொண்டுவந்து விடும்படியும், வொஷரை மறக்காமல் வாங்கிவரும்படியும் சொல்லியிருக்கிறேன்.