தபால் ஆபீஸ் ஆர்.டி.: 5,000-க்கு ஒரே புத்தகமா, ஆயிரம் ஆயிரமாக ஐந்தா?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மாதச் சேமிப்பு என்றால் சீட்டு, நகைச்சீட்டு, மாதாமாதம் ஒரே தொகை கட்டும் ஆர்.டி. (தொடர் வைப்பு) மூன்றும்தான். வட்டி எழுத்தில் இருப்பதும் அரசு பொறுப்பேற்பதும் தபால் ஆபீஸ் ஆர்.டி.யில். அதை எத்தனை கணக்காகப் போடுவது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

அடிப்படை விதிகள் முதலில். ஐந்து வருடம், 60 தவணை. குறைந்தது மாதம் 100 ரூபாய், அதற்கு மேல் பத்தின் மடங்கில் எவ்வளவும் கட்டலாம். ஒருவர் எத்தனை கணக்கும் தொடங்கலாம். வட்டி 2023 அக்டோபரில் 6.7 சதவீதமானது, 2025 முழுக்க அதிலேயே நின்றது. தொடங்கும் காலாண்டில் என்ன வட்டியோ அதுதான் கடைசி வரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி அசலோடு சேரும். மாதம் 1,000 கட்டினால் 60,000 போட்டு 71,366 எடுக்கலாம். 5,000 என்றால் 3,56,830. பிரித்துப் போட்டாலும் சேர்த்துப் போட்டாலும் இந்தத் தொகையில் ஒரு ரூபாய்கூட மாறாது.

அப்புறம் ஏன் பிரிக்க வேண்டும்? தொடங்கிய தவணைத் தொகையை நடுவில் குறைக்க முடியாது, அதனால்தான். பாலக்கோட்டில் தக்காளி விலை சரிந்த மாதமோ, ஓசூர் கம்பெனியில் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) நின்ற மாதமோ, 5,000 ரூபாய்ப் புத்தகத்தில் 3,000 மட்டும் கட்ட வழியில்லை. முழுசாகக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் முழுசாகத் தவற வேண்டும். ஐந்து புத்தகமாக இருந்தால் மூன்றைக் கட்டி இரண்டை நிறுத்தி வைக்கலாம். தவறிய தவணைக்கு மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம். நான்கு தவணை வரை பொறுப்பார்கள். அதற்குப் பிறகு கணக்கு முடங்கும். நான்காவது தவறிலிருந்து இரண்டு மாதத்துக்குள் உயிர்ப்பிக்காவிட்டால் மேற்கொண்டு பணம் கட்டவே முடியாது. இன்னொன்று: பழைய பாக்கியை அபராதத்தோடு தீர்த்த பிறகுதான் நடப்பு மாதத்தை வாங்குவார்கள்.

நடுவில் பணம் தேவைப்பட்டால்? மூன்று வருடம் முடியாமல் கணக்கை மூட முடியாது. முடிந்து மூடினாலும், முதிர்வுக்கு ஒரு நாள் முன்னால் என்றாலும், சேமிப்புக் கணக்கின் 4 சதவீதம்தான் கிடைக்கும். 5,000 ரூபாய்க் கணக்கை 40 தவணையில் உடைத்தால் ஏறக்குறைய 10,000 ரூபாய் வட்டி போகும். ஆயிரம் ரூபாய்ப் புத்தகம் ஒன்றை மட்டும் உடைத்தால் இழப்பு 2,000 அளவோடு நிற்கும். ஆனால் அவசரப்பட்டு உடைக்க வேண்டாம். 12 தவணை கட்டி ஒரு வருடம் ஆன கணக்கில் இருப்பில் பாதி வரை கடன் தருவார்கள். கடன் வட்டி ஆர்.டி. வட்டியைவிட 2 சதவீதம் கூட, அதாவது 8.7. உங்கள் பணம் அங்கே 6.7 சம்பாதித்துக்கொண்டே இருப்பதால் உண்மையான செலவு அந்த இரண்டு சதவீதம்தான். ஆறு மாதத்தில் திருப்பிக் கட்ட முடியுமென்றால் கடனே லாபம். திருப்பவே வழியில்லாத செலவுக்குத்தான் உடைப்பு.

மாங்காய் போடுகிறவர்களுக்கு இந்தத் திட்டத்தில் ஒரு நல்ல சங்கதி உண்டு, கவுன்டரில் யாரும் வலிய வந்து சொல்வதில்லை. ஆறு மாதத் தவணையை முன்கூட்டியே கட்டினால் நூறு ரூபாய்த் தவணைக்கு மொத்தம் 10 ரூபாய் தள்ளுபடி, பன்னிரண்டு மாதம் கட்டினால் 40 ரூபாய். ஆயிரம் ரூபாய்ப் புத்தகத்துக்கு வருடத் தொகை 12,000-க்குப் பதில் 11,600 கட்டினால் போதும். சீசன் பணம் கையில் நிற்கும்போது இரண்டு புத்தகத்துக்கு வருடத் தவணையை இப்படி அடைத்துவிட்டால், சேமிப்புக் கணக்கில் 4 சதவீதத்துக்குக் கிடப்பதைவிட எவ்வளவோ மேல். மாதச் சம்பளக்காரர்களுக்கு இது பெரிதாக உதவாது.

தேதி விஷயம்: மாதம் 15-க்குள் தொடங்கிய கணக்குக்கு 15-க்குள் கட்ட வேண்டும், 16-க்கு மேல் தொடங்கியதற்குக் கடைசி வேலை நாள் வரை நேரம். பட்டுக்கூடு விற்கிறவர்களுக்குப் பணம் எந்தத் தேதியில் வரும் என்று சொல்ல முடியாது, 16-க்கு மேல் தொடங்குவதே நல்லது. ஐந்தையும் ஒரே மாதம் தொடங்காமல் இரண்டு மாதத்துக்கு ஒன்றாகத் தொடங்கினால் முதிர்வும் அதே இடைவெளியில் வரும். பன்னிரண்டு கணக்கு போட்டு மாதாமாதம் முதிர்வு எடுக்கிற யோசனையும் சொல்வார்கள். காகிதத்தில் அழகுதான், மூன்றாவது மாதமே எந்தப் புத்தகம் விட்டுப்போனது என்று தேட வேண்டியிருக்கும்.

ஐந்து புத்தகத்தோடு வரிசையில் நின்றால் பின்னால் இருப்பவர் முறைப்பார். ஐ.பி.பி.பி. (தபால் துறையின் பேமென்ட்ஸ் வங்கி) ஆப்பில் டி.ஓ.பி. (தபால் துறை) பகுதிக்குப் போய், ஆர்.டி. கணக்கு எண்ணும் வாடிக்கையாளர் எண்ணும் கொடுத்துக் கட்டிவிடலாம். இங்கேதான் ஒரு சிக்கல். ஒரு புத்தகம் காரிமங்கலத்திலும் இன்னொன்று தருமபுரி தலைமை அஞ்சலகத்திலும் தொடங்கி, பழைய எண்ணைச் சொல்லாமல் விட்டால் ஒரே ஆளுக்கு இரண்டு வாடிக்கையாளர் எண் விழும். இரண்டாவது கணக்கு தொடங்கும்போதே முதல் புத்தகத்தைக் காட்டி, அதே எண்ணில் சேர்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே இரண்டு விழுந்திருந்தால் எழுதிக் கொடுத்து இணைத்துக்கொள்ளலாம். நியமனதாரரை ஒவ்வொரு கணக்கிலும் தனித்தனியாகப் பதிய வேண்டும்.

கடைத்தெருவில் தபால் ஆர்.டி. வசூலுக்கு வரும் மகளிர் முகவருக்குக் கமிஷன் அரசு தருகிறது, நீங்கள் தனியாக எதுவும் தர வேண்டியதில்லை. அவர் அட்டையில் போடும் கையெழுத்தோடு திருப்திப்படாமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பாஸ்புக்கில் பதிவு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து எக்காரணத்துக்கும் கூடாது.

வங்கி ஆர்.டி.யையும் ஒதுக்கிவிட முடியாது. ஒரு வருடம், இரண்டு வருடத் தேவைக்கு அதுதான் சரி. அவசரத்துக்கு மூடலாம், அதுவரை ஓடிய காலத்துக்கான வட்டியில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு தருவார்கள். ஆனால் 7 சதவீதம் என்று பலகையில் பார்த்துவிட்டு மாதம் ஆயிரமாக ஒரு வருடம் கட்டிய 12,000-க்கு 840 வரும் என்று எண்ண வேண்டாம், 462 தான் வரும். முதல் தவணை பன்னிரண்டு மாதம் உழைக்கிறது, கடைசித் தவணை ஒரே மாதம். அதே வங்கியில் நான்காகப் பிரித்தால் டி.டி.எஸ். (வட்டியில் வங்கியே பிடிக்கும் வருமான வரி) தப்பும் என்பதும் தப்புக் கணக்கு. பான் எண்ணை வைத்து எல்லாவற்றையும் கூட்டித்தான் வருட வட்டிக்கான 50,000 வரம்பைப் பார்ப்பார்கள். மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி உட்பட, ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. ஊரில் இருக்கும் தொடக்க வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு அந்தக் காப்பீடு கிடையாது.

தொடங்கிய அன்றே ஒவ்வொரு பாஸ்புக் அட்டையிலும் முதிர்வுத் தேதியைப் பெரிதாக எழுதி வையுங்கள். முதிர்ந்து மூன்று வருடம் கண்டுகொள்ளாமல் விட்ட கணக்குகளைத் தபால் துறை இப்போது வருடத்துக்கு இருமுறை முடக்குகிறது. திறக்க மறுபடி ஆதாரும் பாஸ்புக்கும் எடுத்துக்கொண்டு அலைய வேண்டும்.