பைண்டர் மேல் தப்பில்லை

லாரன்ஸ் ஸ்டெர்ன் எழுதிய பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில வேடிக்கை நாவல் 'டிரிஸ்ட்ரம் ஷாண்டி', மலிவுப் பதிப்பு. நான் பைண்டிங் வேலைக்காரன். புத்தகம் கைக்கு வந்தால் படிப்பதற்கு முன்னால் ஃபாரம், அதாவது அச்சடித்து மடித்த தாள் கட்டு, சரியாக அடுக்கியிருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துவிடுவேன். நான்காம் பாகத்தில் 23ஆம் அத்தியாயத்துக்கு அடுத்து 25 நின்றது. போச்சு, திருப்பி அனுப்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன். 25ஐப் படித்தால், இங்கே ஓர் அத்தியாயம் இல்லை, பத்துப் பக்கம் போயிருக்கிறது, அதற்கு பைண்டரைத் திட்டாதீர்கள், கிழித்தது நான்தான் என்கிறான் கதை சொல்கிறவன். எங்களுக்காக வக்காலத்து வாங்கிய ஒரே எழுத்தாளர்!

முதல் பதிப்பில் அந்த இடத்தில் பக்க எண்ணும் எகிறிக் குதிக்கும். இதில் வரிசையாகப் போகிறது. பாதி வேடிக்கை அங்கேயே காலி.

கதை என்று கேட்டால், டிரிஸ்ட்ரம் தன் வாழ்க்கையைச் சொல்ல உட்காருகிறான். பிறப்பதற்கே மூன்றாம் பாகம் வந்துவிடுகிறது. ஒரு வருஷம் எழுதி முதல் நாள்தான் முடிந்திருக்கிறது, ஆரம்பித்தபோது இருந்ததைவிட 364 நாள் பாக்கி கூடிவிட்டது என்று ஓரிடத்தில் கணக்குப் பார்க்கிறான். மீட்டர் வட்டிக்காரனிடம் மாட்டியவன் பேச்சு மாதிரியே இருக்கிறது.

எனக்குப் பிடித்தவர் டோபி சித்தப்பா. இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் நாமூர் கோட்டை முற்றுகையில் சொல்லக் கூசும் இடத்தில் அடிபட்டவர். எந்த இடத்தில் அடி என்று வாட்மன் என்ற விதவை நாசூக்காகக் கேட்கிறாள். மனுஷர் கோட்டை வரைபடத்தை எடுத்துவரச் சொல்லி, அவள் விரலைப் பிடித்து அதில் வைக்கிறார். இதற்கு மட்டும் நாலு நாள் சிரித்தேன். நடுவில் வரும் மூக்குப் புராணம் ரொம்ப இழுவை.

பாதிரியார் யோரிக் சாகும் இடத்தில் வரும் கறுப்புப் பக்கம் நன்றாகப் படிந்திருக்கிறது, மை ஒட்டவில்லை. ஆனால் பளிங்குக்கல் மாதிரி பல நிறம் கலந்து ஓடும் மார்பிள் பக்கம்! 1761இல் அந்தத் தாளைத் தொட்டியில் சாயம் மிதக்கவிட்டு ஒவ்வொன்றாகத் தோய்த்து எடுத்தார்கள். ஒரு பிரதி போல இன்னொன்று இருக்காது. இதில் தண்ணீர் பட்ட ஜெராக்ஸ் மாதிரி ஒரு சாம்பல் கறை. எழுத்தும் பொடி. பழைய ஆங்கிலம் வேறு, நாளைக்குப் பத்துப் பக்கம் ஓடினால் பெரிது.

பேரேட்டு அட்டைக்கு வெட்டியது போக மார்பிள் தாள் துண்டு ஒன்று கடையில் கிடந்தது. அளவாக வெட்டி அந்தக் கறை மேல் ஒட்டிவிட்டேன். சிவப்பும் நீலமுமாக இருக்கிறது.