'முட்டை தரம் சரியில்லை' என்றால் முதலில் லேப் ஷீட்டைக் கேளுங்கள்

"12 முட்டை எடுத்தோம், 3 தான் கருவாச்சு. முட்டை தரம் சரியில்ல. அடுத்த தடவை டோனர் எக் போயிடலாம்." ஒரு ஐவிஎஃப் (செயற்கைக் கருத்தரிப்பு) மையம் ஒரு தம்பதியிடம் சொன்னது இவ்வளவுதான். டோனருக்கு, அதாவது வேறொரு பெண்ணின் முட்டைக்கு, முன்பணமும் அன்றே வாங்கிவிட்டார்கள். முட்டைகளும் கருக்களும் என்ன ஆயின என்று லேப் எழுதி வைக்கும் எம்பிரியாலஜி ஷீட் மட்டும் எழுதிக் கேட்ட பிறகுதான் கைக்கு வந்தது.

அதில் இருந்த கணக்கு வேறு. 12-ல் முதிர்ந்தவை, அதாவது எம்2 நிலையில் இருந்தவை, வெறும் 4. இக்ஸியில், அதாவது ஒரு விந்தணுவை ஊசியால் நேராக முட்டைக்குள் செலுத்தும் முறையில், எம்2 முட்டைக்கு மட்டும்தான் விந்தணு செலுத்துவார்கள். ஆக, 4-க்கு 3 கருவுற்றிருக்கிறது: 75 சதவீதம். நல்ல லேபிலேயே 70 முதல் 80 தான் வரும்.

மீதி 8 ஏன் முதிரவில்லை? முட்டையை முதிர வைக்கும் ட்ரிகர் ஊசி போட்டது சனி இரவு 10 மணிக்கு. முட்டை எடுத்தது திங்கள் காலை 6.30-க்கு, டாக்டரின் வசதிக்காக நேரத்தை முன்னால் இழுத்திருக்கிறார்கள். இடையில் 34 முதல் 36 மணி நேரம் விட வேண்டும், இங்கே முப்பத்திரண்டரைதான். சின்ன ஃபாலிக்கிள்களிலிருந்து (முட்டை வளரும் பைகள்) எடுத்தாலும், ஊசி மருந்து ஃப்ரிட்ஜில் இல்லாமல் கெட்டிருந்தாலும் இப்படி ஆகலாம் என்பதால் கடைசி ஸ்கேன் அளவுகளையும் பார்க்க வேண்டும். அது எதையும் பார்க்காமல் நேராக டோனர் எக்குக்குத் தாவியதுதான் அநியாயம்.

எம்2 நிறைய இருந்தும் இக்ஸியில் ஒன்றுகூடக் கருவுறவில்லை என்றால் விஷயம் வேறு. முட்டையைத் தூண்டிவிடும் பிஎல்சி ஸீட்டா என்ற புரதம் விந்தணுவில் குறைவாக இருக்கலாம். அப்போது டோனர் முட்டை வாங்கினாலும் அதே விந்தணுவோடு அதே தோல்விதான். கால்சியம் அயனோஃபோர் என்ற வேதிப்பொருள் கொண்டு முட்டையைத் தூண்டிப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

ஷீட்டில் எம்2, இன்னும் முதிராத எம்1, ஜிவி நிலை முட்டைகளின் எண்ணிக்கை தனித்தனியாக இருக்க வேண்டும். விந்தணு செலுத்தி 16 முதல் 18 மணி நேரத்தில் பார்த்தார்களா, இரண்டு புரோநியூக்ளியஸ் (இயல்பாகக் கருவுற்றதைக் காட்டும் உட்கருக்கள்) தெரிந்தவை எத்தனை என்பதும் வேண்டும். ஒன்றோ மூன்றோ தெரிந்ததையும் 'கருவாச்சு' கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. ஊசி குத்திய முட்டைகளில் பத்தில் ஒன்றுக்கு மேல் சிதைந்திருந்தால் லேபின் கைத்திறனைக் கேளுங்கள்.

2002-ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். 2021-ஆம் ஆண்டின் ஏஆர்டி (செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்ப) சட்டப்படி டோனர் முட்டை பதிவுபெற்ற ஏஆர்டி வங்கி வழியாகத்தான் வர வேண்டும். மையமே ஆள் பிடித்துத் தரக் கூடாது. முன்பணம் கட்டிவிட்டீர்கள் என்றால், எந்த வங்கி, அதன் பதிவு எண் என்ன என்று எழுத்தில் கேளுங்கள்.