எத்தனை வருஷம் என்பதா, அன்றைக்கு என்ன செய்தார் என்பதா?

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் எங்கள் குளச்சல், தூத்தூர்ப் பக்கம் தேர்தல் பேச்சு வந்தால் வெளியுறவும் கூடவே வரும். ஒரு வீட்டில் மகன் வளைகுடாவில் இருப்பான். அடுத்த வீட்டுக்காரர் போன படகு இந்தியப் பெருங்கடலில் அமெரிக்கப் படைத்தளம் உள்ள டியாகோ கார்சியா தீவு அருகே பிடிபட்டிருக்கும். அதனால் "இவருக்கு வெளிநாட்டு விவகாரம் என்ன தெரியும்?" என்பது எங்களுக்குச் சோற்றுக் கேள்வி.

இதை அலச 2008 அமெரிக்க அதிபர் தேர்தல் நல்ல உதாரணம். மோதியவர்கள் இருவர். ஜான் மெக்கெய்ன் கடற்படை விமானி, வியட்நாமில் ஐந்தரை ஆண்டு சிறைப்பட்டவர், 1987 முதல் செனட்டர். பராக் ஒபாமா சிறுவயதில் சில ஆண்டுகள் இந்தோனேசியாவில் வளர்ந்தவர். செனட்டுக்கு வந்து நான்கு வருஷம்கூட ஆகவில்லை. பயோடேட்டாவை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை.

ஆனால் 2002 அக்டோபரில் ஈராக் போருக்கு அனுமதி தரும் தீர்மானத்தை மெக்கெய்ன் ஆதரித்தார். அதே மாதம் சிகாகோ கூட்டமொன்றில் இந்தப் போர் வேண்டாம் என்று பேசினார், அப்போது மாநில அவை உறுப்பினராக மட்டுமே இருந்த ஒபாமா. போருக்குக் காரணமாக ஈராக்கிடம் இருப்பதாகச் சொன்ன பேரழிவு ஆயுதங்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. இதில் என் ஓட்டு ஒபாமாவுக்குத்தான்.

சரி, அதற்காக அனுபவம் வீண் என்று சொல்லமாட்டேன். 2007-ல் ஈராக்குக்குக் கூடுதல் படை அனுப்பச் சொல்லி மெக்கெய்ன் மல்லுக்கட்டினார், ஒபாமா எதிர்த்தார். அடுத்த ஆண்டே அங்கே வன்முறை நன்றாகக் குறைந்தது. அப்புறம் 2011-ல் லிபியா. அங்கே ஒபாமா அரசும் குண்டுவீச்சில் இறங்கியது, ஆட்சியாளர் கடாஃபி வீழ்ந்தார். கடாஃபிக்குப் பிறகு என்ன என்று திட்டமிடாததே தன் மிகப்பெரிய தவறு என்று 2016-ல் ஒபாமாவே ஒப்புக்கொண்டார். அப்போது அவருக்கு அதிபர் பதவி அனுபவமே இருந்தது.

ஆழ்கடல் படகுக்கு டிரைவர் தேடும்போது எத்தனை வருஷம் கடலுக்குப் போனாய் என்று கேட்பார்கள். அதோடு விடுவதில்லை. காற்று மாறின அன்றைக்கு எங்கே இருந்தாய், படகை எப்போது திருப்பினாய் என்றும் கேட்பார்கள். வேட்பாளரையும் அப்படித்தான் கேட்கவேண்டும்.

2020-ல் கொரோனா நேரம், ஈரான் துறைமுகங்களில் நம் மீனவர்கள் மாதக்கணக்கில் சிக்கிக் கிடந்தார்கள். சாப்பாடு குறைகிறது, தண்ணீர் குறைகிறது என்று படகிலிருந்தே வீடியோ அனுப்பினார்கள். ஜூலை 1-ல்தான் நம் கடற்படைக் கப்பல் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா 687 பேரைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம் நான் கேட்கப்போவது இதைத்தான்: அந்த மாதங்களில் நீங்கள் யாருக்கு மனு எழுதினீர்கள், எந்தத் தூதரகத்தோடு பேசினீர்கள், எங்கள் கரைக்கு எத்தனை தடவை வந்தீர்கள்?